மகளிர் டென்னிஸில் ஆகப் பெரியவர் யார்? 18 பட்டங்கள் வென்ற மார்ட்டினாவை நான் ஏன் முதலில் வைக்கிறேன்

கேள்வி இதுதான்: ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் (ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்ச் ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் என்ற நான்கு பெரிய போட்டிகள்) பட்டங்களில் மார்கரெட் கோர்ட் 24, செரீனா வில்லியம்ஸ் 23, ஸ்டெஃபி கிராஃப் 22 என்று கணக்கு தெளிவாக இருக்கும்போது, 18 மட்டுமே வைத்திருக்கும் மார்ட்டினா நவ்ரத்திலோவாவின் பெயர் ஏன் இந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வருகிறது, உண்மையில் இவர்களில் யார் ஆகப் பெரியவர்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்ட்டினாதான். செரீனா மிக மிக அருகில் இரண்டாவது. இருவரும் உச்சத்தில் இருக்கும்போது, இன்றைய மட்டையோடு இன்றைய தரையில் ஒரே ஒரு ஆட்டம் வைத்தால் செரீனா ஜெயிப்பார் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் "யார் ஜெயிப்பார்" என்பதும் "யார் பெரியவர்" என்பதும் ஒரே கேள்வி இல்லை. பின்னால் வந்தவர்களுக்கு நல்ல மட்டை, நல்ல பயிற்சி, நல்ல மருத்துவம் எல்லாம் கிடைத்துவிடுகிறது, அதனால் முதல் கேள்வியை மட்டும் கேட்டால் எப்போதும் கடைசியாக வந்தவரே பெரியவர் ஆகிவிடுவார்.

சரி, எண்ணிக்கையில் இருந்தே தொடங்கலாம், ஏனென்றால் குழப்பமே அங்கேதான். 24, 23, 22, 18 ஆகிய நான்கும் ஒரே மாதிரி சூழலில் சேர்ந்த எண்கள் இல்லை. கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை எண்ணி ஒருவரின் இடத்தைத் தீர்மானிக்கும் வழக்கம் பின்னாளில் வந்தது. 1970-களில் முன்னணி வீராங்கனைகள் ஆஸ்திரேலிய ஓபனுக்குப் போகாமல் இருப்பது சர்வ சாதாரணம். தூரம் அதிகம், பரிசுப் பணம் குறைவு, 1977-க்குப் பிறகு சில வருடங்கள் போட்டியே டிசம்பர் கடைசியில், பண்டிகை நேரத்தில் நடந்தது. ஆண்களிலும் இதே கதைதான், பியோர்ன் போர்க் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அங்கே ஆடினார். 1988-ல் கூயோங் புல்தரையை விட்டு மெல்போர்னின் புதிய அரங்கத்துக்கு, கடினத் தரைக்கு மாறிய பிறகுதான் அது மற்ற மூன்றுக்கும் சமமான போட்டியாக நிலைத்தது.

பிரெஞ்ச் ஓபனும் தப்பவில்லை. அமெரிக்காவில் வேர்ல்ட் டீம் டென்னிஸ் என்ற லீக் அதே சமயத்தில் நடந்ததால் பலர் பாரிஸுக்குப் போகாமல் அங்கே ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். இதில் அதிகம் இழந்தவர், மார்ட்டினாவைப் போலவே 18 பட்டங்கள் வென்ற கிறிஸ் எவர்ட். 1973 ஆகஸ்ட்டில் இருந்து 1979 மே வரை களிமண் தரையில் தொடர்ச்சியாக 125 ஆட்டங்கள் ஜெயித்தார். அந்த ஓட்டத்தின் நடுவில் வருகிற 1976, 77, 78 மூன்று வருடமும் அவர் பிரெஞ்ச் ஓபன் ஆடவே இல்லை! 1974, 75-ல் அங்கே பட்டம் வென்றவர், 1979, 80-ல் திரும்பிப் போனபோதும் வென்றார். நடுவில் விட்ட மூன்றில் குறைந்தது இரண்டையாவது வென்றிருப்பார் என்று சொல்ல பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஆஸ்திரேலியாவுக்கு அவர் போனதே மொத்தம் ஆறு முறை, ஆறு முறையும் இறுதி ஆட்டம் வரை போனார், இரண்டில் வென்றார். இன்றைய வீராங்கனையைப் போல வருடம் நான்கும் தவறாமல் ஆடியிருந்தால் எவர்ட்டின் 18 எங்கே போய் நின்றிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். மார்ட்டினாவும் 1976 முதல் 1980 வரை பிரெஞ்ச் ஓபன் பக்கம் போகவில்லை, அதே காலத்தில் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவும் போகவில்லை.

இப்போது கோர்ட்டின் 24-ஐ எடுங்கள். அதில் 11 ஆஸ்திரேலியாவில் வந்தவை, அதிலும் ஏழு 1960 முதல் 1966 வரை வரிசையாக வந்தவை. அந்தக் காலத்தில் அங்கே ஆடியவர்களில் பெரும்பாலோர் உள்நாட்டு வீராங்கனைகள். ஜேன் லெஹேன் என்ற ஒரே வீராங்கனையை 1960 முதல் 63 வரை நான்கு இறுதி ஆட்டங்களிலும் தோற்கடித்தார். தொழில்முறை வீரர்களும் அமெச்சூர்களும் சேர்ந்து ஆடும் ஓபன் யுகம் 1968-ல் தொடங்கியது, கோர்ட்டின் 24-ல் அதற்கு முன் வந்தவை 13, பின் வந்தவை 11. இதை வைத்து கோர்ட்டை ஒரேயடியாகத் தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆஸ்திரேலியாவை முழுக்கக் கழித்துவிட்டால்கூட விம்பிள்டன் 3, பிரெஞ்ச் 5, அமெரிக்கா 5 என்று 13 மிச்சம் இருக்கிறது. 1970-ல் ஒரே வருடத்தில் நான்கையும் வென்றார். அந்த வருட விம்பிள்டன் இறுதியில் பில்லி ஜீன் கிங்கை 14-12, 11-9 என்று வென்ற ஆட்டம், செட் சமநிலையில் இழுக்கும்போது அதை முடித்துவைக்கும் டை பிரேக் வருவதற்கு முந்தைய காலத்தின் அசாத்தியமான ஆட்டங்களில் ஒன்று. 1972-ல் முதல் குழந்தை பிறந்தது, 1973-ல் திரும்பி வந்து நான்கில் மூன்றை வென்றார். ஓபன் யுகத்தில் தாயான பிறகு மூன்று ஒற்றையர் ஸ்லாம் வென்றவர்கள் அவரும் கிம் கிளைஸ்டர்ஸும் மட்டும்தான். பிற்காலத்தில் சமூக விஷயங்களில் அவர் பேசிய கருத்துகள் பலரையும் காயப்படுத்தின, என்னையும் உறுத்துகின்றன, ஆனால் மைதானத்தில் செய்ததை மதிப்பிடும்போது அதைக் கலக்கக் கூடாது. என் கணக்கில் கோர்ட் ஐந்தாவது. 24 என்ற எண் அவரை முதலில் கொண்டுபோய் வைக்காது, அவ்வளவுதான்.

அதற்கும் முந்தையவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சூசன் லெங்லென் முதல் உலகப் போருக்குப் பிறகு கிட்டத்தட்ட தோல்வியே தெரியாமல் ஆடினார், விம்பிள்டனில் ஆறு பட்டம். ஹெலன் வில்ஸ் ஆஸ்திரேலியாவுக்குப் போகாமலேயே 19 ஸ்லாம் வென்றார், அதில் விம்பிள்டன் மட்டும் எட்டு. இருவரும் மோதியது ஒரே ஒரு முறைதான், 1926 பிப்ரவரியில் கான் நகரில், லெங்லென் 6-3, 8-6 என்று ஜெயித்தார், அதே வருடம் தொழில்முறைக்குப் போய்விட்டார். மௌரீன் கானலியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. 1953-ல் நான்கையும் வென்ற முதல் பெண் அவர். கடைசியாக ஆடிய ஒன்பது ஸ்லாம் ஒற்றையர் போட்டிகளில் ஒன்பதையும் வென்றவர். 1954-ல், 19 வயதில், குதிரை ஓட்டிப் போகும்போது லாரி மோதி கால் நொறுங்கியது, ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. அவர் இன்னும் பத்து வருடம் ஆடியிருந்தால் இந்தப் பதிலே வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஸ்டெஃபிக்கு வருவோம். இங்கேதான் வாதம் எப்போதும் சூடாகிறது, ஏனென்றால் மோனிகா செலஸ் இல்லாமல் ஸ்டெஃபியைப் பற்றிப் பேச முடியாது.

ஸ்டெஃபியின் சாதனைப் பட்டியலில் ஓட்டையே கிடையாது. ஆஸ்திரேலியா 4, பிரெஞ்ச் 6, விம்பிள்டன் 7, அமெரிக்கா 5. நான்கிலும் குறைந்தது நான்கு முறை வென்றவர் ஆண் பெண் இருபாலரிலும் அவர் மட்டுமே. செரீனாவுக்குப் பாரிஸில் 3, மார்ட்டினாவுக்கு 2, எவர்ட்டுக்கு மெல்போர்னில் 2. தரையைப் பற்றிக் கவலையே இல்லாமல் ஆடியவர் என்றால் ஸ்டெஃபிதான். 1988-ல் நான்கு ஸ்லாம், அதோடு சியோல் ஒலிம்பிக் தங்கம். ஒரே வருடத்தில் இந்த ஐந்தையும் ஒற்றையரில் வென்றவர் வேறு யாரும் இல்லை. உலகின் முதலிடத்தில் 377 வாரங்கள், பெண்களில் அதுவே அதிகம். 1995, 96 இரண்டு வருடமும் காயத்தால் ஆஸ்திரேலியா போகவில்லை, மீதி ஆறு ஸ்லாமில் ஆறையும் வென்றார். அந்த ஃபோர்ஹேண்டைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், எனக்கு அதைவிட அவருடைய கால்கள்தான் பெரிது. பேக்ஹேண்ட் பக்கம் வந்த பந்தைக்கூட சுற்றி ஓடி வந்து ஃபோர்ஹேண்டில் அடிக்கிற வேகம், முடியாதபோது தாழ்வாகச் சறுக்கிப் போகிற அந்த ஸ்லைஸ். எதிரில் இருப்பவர் பந்தை மேலே தூக்கித்தான் அடிக்க முடியும், தூக்கினால் அடுத்த அடி ஃபோர்ஹேண்ட், அதோடு கதை முடிந்தது.

ஆனால் 1993 ஏப்ரல் 30 நடந்தது. ஹாம்பர்க்கில் ஆட்டத்தின் இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த செலஸின் முதுகில் ஒருவன் கத்தியால் குத்தினான், ஸ்டெஃபி மறுபடி முதலிடத்துக்கு வர வேண்டும் என்ற வெறியில். செலஸுக்கு அப்போது 19 வயது. அதற்கு முன் 1991 ஆரம்பத்தில் இருந்து அவர் ஆடிய எட்டு ஸ்லாமில் ஏழை வென்றிருந்தார், தோற்ற ஒன்றும் 1992 விம்பிள்டன் இறுதி, ஸ்டெஃபியிடம். இரண்டு பக்கமும் இரண்டு கையால், பந்து எழும்பும்போதே அடித்து, எதிராளியை மூலைக்கு மூலை விரட்டுகிற ஆட்டம். ஸ்டெஃபியின் ஸ்லைஸ் அவரிடம் மற்றவர்களிடம் எடுபட்ட மாதிரி எடுபடவில்லை. கத்திக்குத்துக்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் செலஸ் ஆடவில்லை. குத்தியவனுக்குச் சிறைத் தண்டனைகூட முழுதாகக் கிடைக்கவில்லை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையோடு வெளியே போனான். செலஸ் அதற்குப் பிறகு ஜெர்மனியில் ஆடவே இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் கோபம்தான் வருகிறது.

அந்த நாளில் ஸ்டெஃபியிடம் 11 ஸ்லாம் இருந்தது. அதற்குப் பிறகு இன்னொரு 11 வந்தது, அதிலும் உடனே வந்த நான்கு ஸ்லாமும் அவருக்கே போனது. இதில் ஸ்டெஃபியின் தவறு துளியும் இல்லை. எதிரில் யார் வந்தார்களோ அவர்களை ஜெயித்தார், அது மட்டுமே அவரால் செய்ய முடிந்தது. இருவரும் மோதிய ஆறு ஸ்லாம் இறுதிகளில் மூன்றுக்கு மூன்று என்று சமம், ஆனால் ஸ்டெஃபி வென்ற மூன்றில் இரண்டு செலஸ் திரும்பி வந்த பிறகு. செலஸ் தொடர்ந்து ஆடியிருந்தால் ஸ்டெஃபியிடம் 22 இருந்திருக்குமா? இருந்திருக்காது என்பது என் எண்ணம். 16, 17 இருந்திருக்கலாம். அப்போதும் அவர் மிகப் பெரியவர்தான், ஆனால் எண்ணிக்கையை மட்டும் காட்டி அவரை முதலில் வைக்க என்னால் முடியவில்லை.

செரீனாவைப் பற்றி எழுதும்போது எங்கே தொடங்குவது என்றே தெரியாது. சர்வ்வில் தொடங்குகிறேன். மகளிர் டென்னிஸ் கண்ட மிகச் சிறந்த ஆயுதம் அதுதான், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வேகம் மட்டும் காரணம் இல்லை, அவரைவிட வேகமாகப் போட்டவர்கள் உண்டு. பந்தைத் தூக்கிப் போடும் இடம் எல்லா சர்வ்வுக்கும் ஒன்றே. நேராகப் போகுமா, வெளியே வளையுமா, உடம்புக்கு வருமா என்று எதிரில் நிற்பவருக்குக் கடைசி நொடி வரை தெரியாது. 0-40 என்று பின்தங்கி நிற்கும்போது மூன்று ஏஸ் (எதிராளியால் தொடவே முடியாத சர்வ்) போட்டு மூச்சே வாங்காமல் நடந்து போகிற ஒருவரை என்ன செய்ய முடியும்?

அவர் ஆடிய காலத்தின் நீளம் இன்னொரு அதிசயம். முதல் ஸ்லாம் 1999 அமெரிக்க ஓபன், 17 வயது. கடைசி 2017 ஆஸ்திரேலிய ஓபன், 35 வயது, வயிற்றில் இரண்டு மாதக் கரு, ஒரு செட்டைக்கூட இழக்கவில்லை, இறுதியில் எதிரே நின்றது அக்கா வீனஸ். 23-ல் 10 முப்பது வயதுக்குப் பிறகு வந்தவை. நடுவில் முழங்கால் அறுவை சிகிச்சை, காலில் கண்ணாடி கிழித்த காயம், 2011-ல் நுரையீரலில் ரத்தக் கட்டி. 2007-ல் தரவரிசையில் 81-வது இடத்தில் மெல்போர்னுக்கு வந்து பட்டத்தோடு போனார், இறுதியில் ஷரபோவாவுக்கு விட்டுக்கொடுத்தது மூன்றே கேம். அந்த ஷரபோவாவோடு மொத்தக் கணக்கு 20-2. தானே ஐந்து ஸ்லாம் வென்ற ஒருவரிடம் இப்படி ஒரு கணக்கு வைத்திருப்பதை வேறு எந்த விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை. காம்ப்டனின் பொது மைதானங்களில் அப்பாவிடம் கற்றுக்கொண்டு, வெள்ளையர்களின் ஆட்டமாகவே பார்க்கப்பட்ட ஒன்றில் அக்காவும் தங்கையுமாக நுழைந்து அதைத் தலைகீழாக மாற்றினார்கள். அந்தக் கதவை 1956-ல் பாரிஸில் வென்று முதலில் திறந்தவர் ஆல்தியா கிப்சன் என்பதையும் மறக்கக் கூடாது.

அப்படியானால் செரீனாவை ஏன் இரண்டாவதாக வைக்கிறேன்? குறை என்று பெரிதாக எதுவும் இல்லை, ஒப்பிடும்போது தெரிகிற சின்ன இடைவெளிகள்தான். முழு ஆதிக்கம் செலுத்திய காலம் துண்டு துண்டாக இருக்கிறது. 2003 விம்பிள்டனுக்கும் 2007 மெல்போர்னுக்கும் நடுவில் வந்தது ஒரே ஒரு ஸ்லாம். பெல்ஜிய வீராங்கனை ஜஸ்டின் ஹெனினிடம் 2007-ல் பிரெஞ்ச், விம்பிள்டன், அமெரிக்கா மூன்றிலும் வரிசையாகக் காலிறுதியில் தோற்றார். 2015-ல் ஒரே வருடத்தில் நான்கையும் வெல்ல இரண்டே ஆட்டம் இருக்கும்போது தரவரிசையில் முதல் நாற்பதுக்குள்கூட இல்லாத ராபர்ட்டா வின்சியிடம் விழுந்தார். குழந்தை பிறந்து, பிரசவத்தில் உயிருக்கே ஆபத்தாகி, திரும்பி வந்து நான்கு ஸ்லாம் இறுதிகளை எட்டியது என்னைப் பொறுத்தவரை பட்டத்துக்குச் சமமான சாதனை. ஆனால் நான்கிலும் ஒரு செட்கூட எடுக்க முடியவில்லை என்பதும் உண்மை.

இனி மார்ட்டினா. 1956-ல் பிராகில் பிறந்தவர். 1975-ல், 18 வயதில், அமெரிக்க ஓபன் சமயத்தில் செக்கோஸ்லோவாக்கியாவுக்குத் திரும்பப் போவதில்லை என்று முடிவெடுத்தார். அம்மா, அப்பா, தங்கை, வீடு, மொழி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, திரும்பப் பார்ப்போமா என்றே தெரியாமல். 1978-ல் முதல் விம்பிள்டன் வென்றபோது பெற்றோர் அரங்கத்தில் இல்லை. 1981-ல் குடியுரிமை கிடைத்தது, அதே வருடம் தன் பாலீர்ப்பு பற்றி வெளிப்படையானார், விளம்பர ஒப்பந்தங்கள் அவரைத் தேடி வரவில்லை. எதிரே எவர்ட் எல்லோருக்கும் செல்லப் பெண். கூட்டம் எப்போதும் எவர்ட் பக்கம். 1981 அமெரிக்க ஓபன் இறுதியில் டிரேசி ஆஸ்டினிடம் மூன்றாவது செட் டை பிரேக்கில் தோற்று நின்றபோதுதான் முதல் முறையாகக் கூட்டம் எழுந்து நின்று அவருக்காகக் கைதட்டியது, அவர் அங்கேயே அழுதுவிட்டார்.

அந்த வருடம்தான் திருப்பம். கூடைப்பந்து வீராங்கனை நான்சி லீபர்மேனோடு சேர்ந்து ஓட்டம், எடைப் பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு என்று தன் உடம்பையே புதிதாகக் கட்டினார். டென்னிஸ் வீராங்கனை என்றால் டென்னிஸ் ஆடினால் போதும் என்று இருந்த காலம் அது. இன்று முதல் நூறு இடங்களில் இருக்கும் ஒவ்வொரு வீராங்கனையும் உடற்பயிற்சியாளர், உணவு ஆலோசகர் என்று ஒரு குழுவோடு சுற்றுகிறாரே, அதற்கு வழி போட்டவர் மார்ட்டினா. ஸ்டெஃபியின் கால்களும் செரீனாவின் தோள்களும் அந்த வழியில் வந்தவை.

விளைவைப் பாருங்கள். 1982 முதல் 1986 வரை ஐந்து வருடத்தில் 427 வெற்றி, 14 தோல்வி. 1983-ல் மட்டும் 86 வெற்றி, ஒரே தோல்வி, அது பாரிஸில் கேத்தி ஹார்வத்திடம். 1984-ல் தொடர்ச்சியாக 74 ஆட்டங்கள். 1983 விம்பிள்டனில் இருந்து 1984 அமெரிக்க ஓபன் வரை வரிசையாக ஆறு ஸ்லாம். இது பலவீனமான எதிராளிகளிடம் வந்தது என்று சொல்வதற்கு முன் எதிரே யார் இருந்தார் என்று பாருங்கள். எவர்ட்! 13 வருடம் தொடர்ந்து, வருடத்துக்கு ஒரு ஸ்லாமாவது வென்றவர், ஒற்றையர் ஆட்டங்களில் கிட்டத்தட்ட 90 சதவீதம் ஜெயித்தவர். அந்த எவர்ட்டை மார்ட்டினா தொடர்ச்சியாக 13 முறை தோற்கடித்தார், 1984 பிரெஞ்ச் இறுதியில் எவர்ட்டின் சொந்தக் களிமண்ணிலேயே 6-3, 6-1. இருவரும் மொத்தம் 80 முறை மோதினார்கள், அதில் 60 இறுதி ஆட்டங்கள். கணக்கு 43-37 மார்ட்டினா பக்கம். ஸ்லாம் இறுதிகள் பதினான்கில் பத்து மார்ட்டினாவுக்கு. செரீனாவுக்கு இப்படி ஒரு நிரந்தரப் போட்டியாளர் அமையவே இல்லை, ஸ்டெஃபிக்கு அமைந்தவரைக் கத்தி பிரித்துவிட்டது. மார்ட்டினாவின் ஆட்டம் எவ்வளவு பெரிது என்று தெரிவதே எவர்ட் எதிரே இருந்ததால்தான். 1985 பிரெஞ்ச் இறுதியில் எவர்ட் 6-3, 6-7, 7-5 என்று திருப்பி அடித்தார் பாருங்கள், அந்த ஆட்டம் முழுதாகக் கிடைத்தால் உட்கார்ந்து பாருங்கள்.

ஆட்ட முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடது கை. இடப்பக்கக் கட்டத்தில் இருந்து சர்வ் போட்டால் பந்து வளைந்து வலது கைக்காரரின் பேக்ஹேண்டைத் தாண்டி மைதானத்துக்கு வெளியே போகும், எட்டிப் பிடித்துத் திருப்புவதற்குள் மார்ட்டினா வலைக்கு அருகில் வந்து நிற்பார், மைதானம் முழுக்கத் திறந்து கிடக்கும். முக்கியமான புள்ளிகள் பல அந்தப் பக்கத்தில்தான் வருகின்றன. விம்பிள்டனில் ஒன்பது பட்டம் இப்படித்தான் வந்தது. கடைசியாக 1990-ல் 33 வயதில், ஹெலன் வில்ஸின் எட்டைத் தாண்டி. சர்வ் போட்டு வலைக்கு ஓடுகிற அந்த ஆட்டத்தை இன்று பெண்களில் யாரும் முழு நேரமும் ஆடுவதில்லை. மட்டையும் பாலியஸ்டர் நரம்புகளும் திருப்பி அடிப்பவருக்குச் சாதகமாகிவிட்டன, விம்பிள்டன் புல்லும் முன்போல் வேகமாகச் சறுக்குவதில்லை.

என்னை மார்ட்டினா பக்கம் முடிவாகச் சாய்த்தது இன்னொரு கணக்கு. ஸ்டெஃபியோடு அவர் மோதியது 18 முறை, முடிவு 9-9. ஸ்டெஃபி அவரைவிட 12 வயதுக்கு மேல் இளையவர்! 1991 அமெரிக்க ஓபன் அரையிறுதியில் 34 வயதில் ஸ்டெஃபியை வென்றார். 1993 பிப்ரவரியில் பாரிஸ் உள்ளரங்கப் போட்டி இறுதியில், 36 வயதில், அன்றைய முதல் நிலை வீராங்கனை செலஸை மூன்றாவது செட் டை பிரேக்கில் வென்றார். அதாவது பில்லி ஜீன் கிங், எவர்ட் தலைமுறையோடு தொடங்கி, ஸ்டெஃபி, செலஸ் தலைமுறை உச்சத்தில் இருக்கும்போதும் அவர்களை ஜெயிக்கிற நிலையில் இருந்திருக்கிறார். வெவ்வேறு காலத்தவரை ஒப்பிட முடியாது என்று சொல்வார்கள், ஆனால் இங்கே காலங்கள் நேராகவே மோதிக்கொண்டன.

இரட்டையரைச் சேர்த்தால் வாதம் இன்னும் பலமாகிறது. மகளிர் இரட்டையரில் 31 ஸ்லாம், கலப்பு இரட்டையரில் 10, மொத்தம் 59. பேம் ஷ்ரைவரோடு சேர்ந்து 109 ஆட்டங்கள் தொடர்ச்சியாகத் தோற்காமல் ஆடினார், 1984-ல் இரட்டையரில் நான்கு ஸ்லாமையும் வென்றார்கள். 167 ஒற்றையர் பட்டம், 177 இரட்டையர் பட்டம். 2003-ல் லியாண்டர் பயஸோடு ஆஸ்திரேலியா, விம்பிள்டன் கலப்பு இரட்டையர், 2006-ல் ஐம்பது வயதுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அமெரிக்க ஓபன் கலப்பு இரட்டையர். மொத்தக் கணக்கில் கோர்ட்டின் 64 மேலே இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் கோர்ட்டின் ஆஸ்திரேலியக் கணக்குக்குச் சொன்னது அங்கேயும் பொருந்தும். செரீனாவும் வீனஸும் ஸ்லாம் இரட்டையர் இறுதி 14 ஆடி 14-லும் ஜெயித்தார்கள், அதுவும் பிரமாதம், ஆனால் வருடம் முழுவதும் இரட்டையர் ஆடியவர்கள் இல்லை. ஸ்டெஃபிக்கு இரட்டையரில் ஒரே ஒரு ஸ்லாம்.

என் வாதத்தில் பலவீனமான இடம் எது என்றும் சொல்கிறேன். 1980-களில் முதல் பத்துக்கும் அடுத்த ஐம்பதுக்கும் இடையே பெரிய பள்ளம் இருந்தது. முதல் மூன்று சுற்றுகளைப் பெரிய வீராங்கனைகள் வியர்க்காமல் தாண்டிவிடுவார்கள். எவர்ட் ஆடிய 56 ஸ்லாமில் 52-ல் அரையிறுதி வரை போனார் என்றால் அதற்கு அவருடைய திறமையோடு இதுவும் ஒரு காரணம். செரீனா காலத்தில் இரண்டாவது சுற்றிலேயே நன்றாக அடிக்கிற யாராவது வந்து நிற்பார்கள். அதனால் 86-1 போன்ற எண்களை அப்படியே இன்றைக்குக் கொண்டுவந்து ஒப்பிடக் கூடாது, கொஞ்சம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். யாராவது இதைக் காரணமாகச் சொல்லி செரீனாவை முதலில் வைத்தால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். பட்ட எண்ணிக்கையை மட்டும் காட்டினால்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பில்லி ஜீன் கிங்கை இந்த வரிசையில் எங்கேயும் வைக்கவில்லையே என்று கேட்பீர்கள். ஒற்றையரில் 12 ஸ்லாம், மொத்தம் 39, விளையாட்டை மட்டும் பார்த்தால் முதல் ஏழு எட்டுக்குள் வருவார். ஆனால் 1970-ல் ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத் தனிப் போட்டித் தொடரைத் தொடங்கிய ஒன்பது பேரில் அவர் முன்னால் நின்றார், 1973-ல் மகளிர் டென்னிஸ் சங்கத்தை உருவாக்கினார், அதே வருடம் அமெரிக்க ஓபன் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம பரிசு கொடுத்தது. விம்பிள்டன் அதைச் செய்ய 2007 ஆனது, அதற்கு வீனஸ் வில்லியம்ஸ் போராட வேண்டியிருந்தது. மேலே பேசிய எவர்ட், மார்ட்டினா, ஸ்டெஃபி, செரீனா எல்லோரும் பிழைப்பாக டென்னிஸ் ஆட முடிந்ததே கிங்கால்தான். அந்தப் பங்கைப் பட்டக் கணக்கோடு சேர்த்து ஒரே தட்டில் நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை, அதனால் தனியாக வைக்கிறேன்.

ஆக என் வரிசை: மார்ட்டினா, செரீனா, ஸ்டெஃபி, எவர்ட், கோர்ட். எவர்ட்டை மூன்றாவதாக வைக்கலாமா என்று பல முறை யோசித்திருக்கிறேன், பாரிஸில் விட்ட அந்த மூன்று வருடத்தை நினைத்து. செலஸுக்கு எந்த எண்ணும் கொடுக்க மனம் வரவில்லை.

இப்போது ஆடுபவர்களில் யாராவது இந்த ஐவரோடு சேர்வார்களா என்பதற்கும் சொல்லிவிடுகிறேன். 2025 வரை இகா ஷ்வியான்டெக்கிடம் ஆறு ஸ்லாம், அதில் நான்கு பாரிஸ். 2025 விம்பிள்டன் இறுதியில் 6-0, 6-0 என்று ஜெயித்தது புல்தரையிலும் அவர் வளர்ந்துவிட்டதைக் காட்டியது. சபலென்காவிடம் நான்கு, எல்லாமே கடினத் தரையில் வந்தவை. இருவரில் ஷ்வியான்டெக்கிற்குத்தான் வயதும் தரை வித்தியாசமும் சாதகமாக இருக்கிறது, ஆனால் ஆறில் இருந்து பதினெட்டுக்குப் போக இதுவரை வென்றதைப் போல இன்னும் இரண்டு மடங்கு வெல்ல வேண்டும். பத்தைத் தாண்டினால் மறுபடி பேசலாம்.